ஃபைட்டர் மீனுக்கு லைவ் தீனி... ஒரு வாழைப்பழம், ஒரு பாட்டில் போதும்!

பெல்லட் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா உங்க ஃபைட்டர் மீன்? அதே மீன், உயிருள்ள பூச்சி தண்ணீரில் விழுந்தால் பாய்ந்து வந்து கவ்வும். காரணம் சிம்பிள். இயற்கையில் அது பூச்சி தின்னும் மீன்.

அதனால்தான் பலர் மொட்டை மாடி பக்கெட்டில் கொசுப்புழு வளர்க்கிறார்கள். ஆனால், சில நாள்கள் மறந்தால் புழு கொசுவாகிப் பறந்துவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் பெருகும். மீனுக்குத் தீனி தேடப்போய் வீட்டுக்குக் காய்ச்சலைக் கூப்பிடணுமா?

கடிக்காத மாற்று ஒண்ணு இருக்கு... பழ ஈ! கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, 2-3 மில்லிமீட்டர் அளவில், அதேதான். தாமஸ் ஹன்ட் மார்கன் இந்த ஈக்களை பாட்டிலில் வளர்த்து ஆராய்ந்துதான் 1933-ல் நோபல் பரிசு பெற்றார்.

எப்படி வளர்ப்பது?

* கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்து, ஓட்ஸ் பொடி கலந்து கெட்டியாக்குங்கள். பூஞ்சை வராமலிருக்க ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்க்கலாம்.

* லேசாகச் சூடாக்கி, நன்றாக ஆறவிடுங்கள். பிறகு ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவுங்கள். இதை மறந்துடாதீங்க. ஈயின் புழுக்களுக்கு முக்கிய உணவே ஈஸ்ட்தான். சூட்டோடு தூவினால் ஈஸ்ட் செத்துவிடும்.

* கலவையை பாட்டிலில் இரண்டு விரல் உயரத்துக்கு நிரப்பி, முட்டை அட்டைத் துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஈக்கள் உட்காரவும், கூட்டுப்புழுக்கள் ஒட்டிக்கொள்ளவும் இடம் கிடைக்கும்.

* பாட்டிலைத் திறந்துவைத்தால் ஈக்கள் தானாக வரும். இருபது, முப்பது சேர்ந்ததும் மெல்லிய துணியால் மூடி, ரப்பர் பேண்ட் போடுங்கள். வலைத்துணி வேண்டாம், நுழைந்து வெளியேறிவிடும்.

25 டிகிரி செல்சியஸில் முட்டை ஈயாக மாற சுமார் 10 நாள்கள் ஆகும்.

வெயில்தான் வில்லன்

பாட்டில் நிறைய ஈ இருந்தும் புழுவே வரலையா? வெப்பத்தைப் பாருங்கள். 30 டிகிரியைத் தொட்டால் ஆண் ஈக்கள் மலடாகத் தொடங்கும். அடுப்பு, ஜன்னல் பக்கம் வேண்டாம். வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள். எறும்பைத் தடுக்க பாட்டிலைத் தண்ணீர் தட்டில் வைத்தால், அந்தத் தண்ணீரை தினமும் மாற்றுங்கள். இல்லையென்றால் அங்கேயும் கொசு வந்துடும்!

தீனி போடும்போது...

பாட்டிலைச் சில நிமிடங்கள் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈக்கள் மயங்கிக் கிடக்கும். அப்படியே தட்டி தண்ணீரில் விடுங்கள். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு போதும். இது மட்டுமே உணவாகக் கூடாது. பெல்லட்டும் மாறி மாறிக் கொடுங்கள். பிறந்த குஞ்சுகளுக்கு ஈ பெரிது, வேண்டாம்.

வாரம் ஒரு புது பாட்டில் தொடங்குங்கள். ஒன்றில் பூஞ்சையோ உண்ணியோ வந்தாலும் மற்றது கைகொடுக்கும். ஒரு மாதமான பாட்டிலை ஃப்ரீஸரில் ஓர் இரவு வைத்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். ஈ கிச்சனுக்குப் போகாது, வீட்டில் திட்டும் விழாது!