சூட்டுக்கு வழி: ஆறு வரிக்கு ஓர் உரை

ஜெர்மனியின் ஹனோவர் ஆலையில் 1967 முதல் 1979 வரை தயாரான ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனில் கட்டில், அடுப்பு, அலமாரி பொருத்தி வீடாக்கியவர்களுள் பெயர்பெற்றது வெஸ்ட்பாலியா நிறுவனம். அந்த வண்டிகள் பலவற்றின் பின்புறம் இருப்பது 1,584 சிசி என்ஜின். நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 50 குதிரைத்திறன். ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது, காற்றுதான் குளிர்விக்கிறது. அதைப் பராமரிப்பவர் மனத்தில் நிற்கட்டும் என்று நான் கட்டிய ஆறு வரி கீழே. கவிதை என்று யாரும் மயங்க வேண்டாம்.

ஆறிய பின்னே இடைவெளி அளப்பாய்;
ஓசை நல்லது, ஓய்ந்தது கெட்டது;
மூன்றாம் உருளையை முதலில் நினைப்பாய்;
எண்ணெய் சிறிது, அடிக்கடி மாற்று;
வாரறும் போதில் வண்டியை நிறுத்து;
வலிமை கூட்டுமுன் சூட்டுக்கு வழிசெய்.

ஆறிய பின்னே இடைவெளி அளப்பாய்

இடைவெளி என்றது வால்வுத் தண்டின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள சந்து. அளவு 0.15 மி.மீ. ‘ஆறிய பின்னே’ என்றதற்குக் காரணம், சூட்டில் உலோகம் விரிந்து இந்த அளவே மாறிவிடும் என்பது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுமுன் அளப்பதே முறை. ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு உள்ளே போய் வர வேண்டும்.

ஓசை நல்லது, ஓய்ந்தது கெட்டது

இது முதல் வரியின் தொடர்ச்சி. இடைவெளி கூடினால் ‘டேப்பெட் அடிக்கும்’. காதுக்குத் தொல்லை, என்ஜினுக்கு உடனடி ஆபத்து இல்லை. நாள்பட ஓடியதில் இடைவெளி குறைந்தால் சத்தம் அடங்கும். ஓட்டுபவர் மகிழ்வார். ஆனால் அப்போது வால்வு முழுதாக மூடுவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இருக்கையில் அமரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. அமர முடியாத வால்வு கருகும். சில வேளை தலை முறிந்து பிஸ்டன்மேல் விழும்.

மூன்றாம் உருளையை முதலில் நினைப்பாய்

உருளை, சிலிண்டர். மூன்றாவது, இடப்பக்கத்தில் முன்னால் இருப்பது. பழைய அமைப்பில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, இதற்கு நேர் மேலே நின்றது. அதனால் ஆயிலின் சூட்டை வாங்கிய காற்றுதான் இதற்குக் கிடைத்தது. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் நிலை. இதற்காகவே சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் மூன்றாவதற்கு மட்டும் தீப்பொறி சில டிகிரி தாமதமாக விழும்படி வைத்தார்கள். 1971 மாடலில் கூலரை முன்னுக்குத் தள்ளித் தனி வழி கொடுத்தார்கள். பழைய என்ஜினுக்கும் அந்தக் கூட்டைப் பொருத்தலாம். செய்யத்தக்க முதல் மேம்பாடு அதுவே.

எண்ணெய் சிறிது, அடிக்கடி மாற்று

மொத்தம் இரண்டரை லிட்டர். பில்டர் இல்லை, கம்பி வலை மட்டுமே. 5,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும்; வேறு உரை வேண்டாம்.

வாரறும் போதில் வண்டியை நிறுத்து

வார், ஃபேன் பெல்ட். மின்னாக்கியும் விசிறியும் ஒரே தண்டில் சுழல்கின்றன. ஆகவே சார்ஜ் இல்லை என்று எரியும் சிவப்பு விளக்கு, காற்று இல்லை என்றும் சொல்கிறது. ‘பேட்டரிதானே, ஊர் போய்ப் பார்க்கலாம்’ என்று ஓட்டினால் என்ஜின் போய்விடும். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை செ.மீ. இறங்க வேண்டும். தளர்ந்திருந்தால், புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள வளையத் தகடுகளில் ஒன்றை எடுத்தால் இறுகும். எடுத்த தகட்டை நட்டுக்கு அடியிலேயே போட்டுவைப்பது ஏற்பாடு. அடுத்த பெல்ட்டுக்குத் தேவைப்படும்.

வலிமை கூட்டுமுன் சூட்டுக்கு வழிசெய்

‘முன்’ என்ற சொல்லில்தான் இந்த வரியின் உயிர். 85.5 மி.மீ. பிஸ்டனை எடுத்துவிட்டு 90.5 போட்டால் 1,776 சிசி வரும். இரட்டைக் கார்புரேட்டரும் சேர்த்தால் மலையேற்றம் இனிக்கும். ஆனால் எரியும் பெட்ரோலின் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. வலிமை கூடினால் வெளியேற்ற வேண்டிய சூடும் கூடும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை மூன்று. என்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை கிழிந்தால், கீழே தள்ளிய வெந்த காற்றையே விசிறி மறுபடி இழுக்கும். தகரக் கவசங்களில் ஒன்று குறைந்தாலும் காற்று வழி தவறும். வெடித்த பெட்ரோல் குழாய் மூன்றாவது: இந்த என்ஜினின் கூடு மெக்னீசியக் கலவை, பற்றிக்கொண்டால் தண்ணீரால் அணையாது. பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பதற்கு மட்டும் இந்த விதி விலக்கு. அது சூட்டைக் கூட்டுவதில்லை.

இன்னொரு பொருளும் உண்டு. விசிறியின் வேகம் என்ஜினின் வேகத்தைப் பொறுத்தது. ஆல்ப்ஸ் ஏற்றத்தில் நாலாம் கியரிலேயே முனகவிட்டு ஆக்சிலேட்டரை மிதிப்பவர், சூட்டைக் கூட்டிக் காற்றைக் குறைக்கிறார். மூன்றாம் கியருக்கு இறக்கினால் என்ஜின் அலறும், காற்றும் கூடும். இரண்டாம் வரி இங்கேயும் பொருந்தும்: ஓசை நல்லது.