பனித்தரையில் ஹிந்திப் பாட்டு

தம்புள்ளையில ஐஸ் என்றால் மீன் பெட்டிதான் ஞாபகம் வரும். கத்தி பூட்டின சப்பாத்தோட அதுக்கு மேல நடனமாடி ஒலிம்பிக் பதக்கம் வாங்குறது நமக்கு வேற உலகம். ஆனா 2010 பெப்ரவரி 21 அன்று, கனடாவின் வான்கூவர் நகரில், அந்த உலகத்துக்குள்ள தேவ்தாஸ் படப் பாட்டு ஒலித்தது. ஆடினவங்க அமெரிக்கர்கள்: மெரில் டேவிஸ், சார்லி வைட்.

ஐஸ் டான்ஸ் 1976இல்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது. இதில துணையைத் தலைக்கு மேல தூக்கவோ, வீசி எறியவோ முடியாது. தாளமும் காலடியும்தான் கணக்கு. நீண்ட காலம் சோவியத், ரஷ்ய ஜோடிகளின் கோட்டையாக இருந்த போட்டி அது.

மெரில் 1987இல் மிச்சிகனில் பிறந்தவர். பத்து வயசில, 1997இல், சார்லியோட ஜோடி சேர்ந்தார். கடைசி வரைக்கும் துணையை மாற்றவே இல்லை. இன்னொரு விஷயம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில அவர் படித்தது மானிடவியல்.

2009–10 பருவத்தில, 'ஒரிஜினல் டான்ஸ்' என்ற சுற்றுக்கு நாட்டார் நடனம்தான் கருப்பொருள் என்று அறிவித்தார்கள். எந்த நாட்டு நடனத்தையும் எடுக்கலாம். ரஷ்யாவின் ஒக்சானா டோம்னினாவும் மாக்சிம் ஷபாலினும் ஆஸ்திரேலியப் பழங்குடி நடனத்தை எடுத்தார்கள். இவர்கள் அப்போதைய உலகச் சாம்பியன்கள். கறுத்த தோல் மாதிரி ஒட்டின உடுப்பு, வெள்ளைக் கோடுகள், சிவப்புக் கோவணம், இலைகள். ஜனவரியில நடந்த ஐரோப்பியப் போட்டியில அதைப் பார்த்த ஆஸ்திரேலியப் பழங்குடித் தலைவர்கள் கொதித்துப் போனார்கள். எங்களைக் கேட்டீங்களா என்பதுதான் அவங்க கேள்வி. வான்கூவருக்கு உடுப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு வந்து, அதையே ஆடினார்கள்.

மெரிலும் சார்லியும் தங்கள் ஊர்ப்பக்கம் இருந்த இந்திய நடன ஆசிரியை ஒருவரிடம் போய்க் கற்றுக்கொண்டார்கள். கழுத்தசைவு, கண், கை முத்திரை எல்லாம். கத்தி முனையில சறுக்கிக்கொண்டே அதைச் செய்யணும், சும்மா இல்லை.

முதல் சுற்று முடிய ரஷ்யர்கள் முதலிடம், மெரில் ஜோடி மூன்றாமிடம். நாட்டார் நடனச் சுற்றோட அது புரண்டது. கனடாவின் டெஸ்ஸா வர்ச்சூ, ஸ்கொட் மொயர் முதலிடத்துக்கு ஏறினார்கள், மெரில் ஜோடி இரண்டாமிடம், ரஷ்யர்கள் மூன்றாமிடம். கடைசியில பதக்கங்களும் அதே வரிசையில்தான்.

ஹிந்திச் சினிமா ஆட்டம் நாட்டார் நடனமா? என்னைக் கேட்டால் இல்லை. ஆனா கடன் வாங்குறது மட்டும் குற்றம் என்றும் நான் சொல்ல மாட்டேன். நம்ம குகைக் கோயில்ல, மகாராஜ குகைக்குள்ள, புத்தர் சிலைகளோட விஷ்ணுவும்தானே நிற்கிறார். யாரிடம் கேட்டு, யாரிடம் கற்று எடுத்தாங்க என்பதில்தான் விஷயம் இருக்கு. இதில நம்ம கையும் சுத்தமில்லை. தேவதாசிப் பெண்கள் காத்து வந்த சதிரை 1930களில் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றி மேடையேற்றினபோது, அந்தப் பெண்கள் எங்கே நின்றார்கள்? சலங்கை கட்டி ஆடுற நம்ம பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுக்கிறோமா?

மெரிலின் பெரிய வெற்றிகள் பிறகுதான் வந்தன. 2011இல் உலகப் பட்டம், ஐஸ் டான்ஸில் அமெரிக்காவுக்கு அதுவே முதல். 2013இல் இன்னொன்று. 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் ஒலிம்பிக் தங்கம், அதுவும் அமெரிக்காவுக்கு முதல். ஆடினது ரிம்ஸ்கி-கோர்சகோவின் 'ஷெஹரசாட்' இசைக்கு, அதாவது ஒரு ரஷ்யர் கற்பனை பண்ணின அரபுக் கதை. வெள்ளி வாங்கினது அதே டெஸ்ஸா, ஸ்கொட். இரண்டு ஜோடிக்கும் ஒரே பயிற்சியாளர், மரீனா சூயெவா. எதிரிகள் வருஷக்கணக்காக ஒரே தளத்தில பயிற்சி எடுத்தவர்கள்!

அதுக்குப் பிறகு மெரில் போட்டிக்கு வரவில்லை. 2017இல் விலகலை அறிவித்தார்கள். 'ஒரிஜினல் டான்ஸ்' சுற்று அதுக்கு முதலே, 2010 பருவத்தோட, போட்டியிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.