உறக்க மருந்து வலிப்பை அடக்கிய வரலாறு

வலிப்பு நோய்க்காக நாள்தோறும் இரவில் ஒரு மாத்திரை விழுங்கும் எவரையேனும் நீங்கள் அறிந்திருக்கக்கூடும். அது பினோபார்பிட்டால் மாத்திரையாயின், தூக்க மருந்தாகவே அது முதலில் கடைக்கு வந்தது என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். விழித்திருந்து படிக்க வேண்டிய மாணவனுக்கு உறக்க மருந்து எதற்கு? அவ்வினத்து மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வருவது ஏன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காக்காய் வலிப்புக்குப் பயன் தரும் மருந்து எதுவும் மருத்துவரிடம் இல்லை. நம் ஊர்களில் நோயாளியின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே ஓய்ந்துவிடும். பெயர் சாவிக்குப் போய்ச் சேரும். மேனாட்டாரின் விளக்கமும் இதைவிடச் சிறந்ததன்று. காம உணர்ச்சி வலிப்பைத் தூண்டுகிறது, பொட்டாசியம் புரோமைடு அதனைத் தணிக்கும் என்ற எண்ணத்தில், விக்டோரியா அரசியின் பேறுகால மருத்துவரான சார்லஸ் லோகாக் அந்த உப்பை வலிப்புக்குக் கொடுத்துப் பார்த்து, 1857இல் இலண்டனில் அதன் பலனைத் தெரிவித்தார். கொள்கை தவறு, மருந்து மட்டும் வேலை செய்தது! ஆயினும் தொடர்ந்து உண்டவர்கள் மந்தமாகிப் போயினர். தோலிலும் கொப்புளங்கள் கண்டன.

1864இல் ஜெர்மானிய வேதியியலர் அடால்ஃப் பேயர் பார்பிட்யூரிக் அமிலத்தை உண்டாக்கினார். அதற்கு உறக்கம் தரும் ஆற்றல் இல்லை. அதனுடன் இரண்டு எத்தில் தொகுதிகளை இணைத்தபோதுதான் உறக்கம் வந்தது. 1903இல் எமில் ஃபிஷரும் ஜோசப் ஃபான் மெரிங்கும் வெளியிட்ட 'வெரோனால்' இதுவே. ஓர் எத்திலுக்குப் பதிலாகப் பினைல் தொகுதியை வைத்தால் கிடைப்பது பினோபார்பிட்டால். 1912இல் பேயர் நிறுவனம் இதனை 'லூமினால்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது. (வேதியியலர் பேயர் வேறு, நிறுவனம் தொடங்கிய பேயர் வேறு; தேர்வில் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அவ்வாண்டு ஃபிரைபுர்க் நகர மனநோய் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். நோயாளிகளின் இரவு வலிப்புகளால் அவருக்கே உறக்கமில்லாமற் போயிற்று, அதனால்தான் புதிய தூக்க மருந்தை அவர்களுக்குக் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியாயினும், அவர் கண்டது முக்கியமானது: மருந்து உண்டவர்களுக்குப் பகலிலும் வலிப்பு குறைந்தது. 1912இலேயே அதனை எழுதி வெளியிட்டார். ஹாப்ட்மன் யூதர். நாஜி ஆட்சியில் பேராசிரியர் பதவியை இழந்து, 1938இல் டாக்காவ் சிறைமுகாமில் அடைக்கப்பட்டுப் பின்னர் நாட்டை விட்டு வெளியேறினார். 1948இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் காலமானார்.

அந்தப் பாஸ்டனில்தான் மெரிட், புட்னம் என்ற இருவர் 1938இல் பினிட்டாயின் வலிப்பை அடக்கும் என்று காட்டினர். 1908இலேயே உண்டாக்கப்பட்ட இச்சேர்மம் உறங்க வைப்பதில்லை. ஆக, வலிப்பை அடக்க உறக்கம் தேவையில்லை என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் பினோபார்பிட்டால் மூளையில் என்ன செய்கிறது? நரம்புச் செல்கள் மின் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. பேச்சு எல்லை மீறாதபடி 'காபா' என்னும் பொருள் அடக்குகிறது. அது செல்லின் வாயில்களைத் திறக்கும். குளோரைடு அயனிகள் உட்புகும். உட்புறம் மேலும் எதிர் மின்னழுத்தம் பெறும். துடிப்பு எழுவது கடினமாகும். பினோபார்பிட்டால் அவ்வாயிலைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கிறது. 1960க்குப் பின் வந்த டயசிப்பாம், அல்பிரசோலாம் முதலியவை அதனை அடிக்கடி திறக்கச் செய்கின்றன.

கயிறிழுக்கும் போட்டியை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் மருந்து சேர்ந்து இழுத்தால், நாளடைவில் மூளை மறுபக்கத்தில் வலுவைக் கூட்டிக்கொள்கிறது. மருந்து திடீரெனக் கையை விட்டால் மறுபக்கத்தார் பின்னால் சாய்வர் அல்லவா? அதுதான் வலிப்பு. 1950இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர், பார்பிட்யூரேட்டைப் பல வாரங்கள் மிகுதியாக உட்கொண்டவர்களுக்கு அதனைச் சட்டென நிறுத்தியபோது வலிப்பு வந்ததைப் பதிவு செய்தனர். வலிப்பு நோயே இல்லாதவர்க்கும் இந்நிலை என்றால், நோயுள்ளவர்க்குச் சொல்ல வேண்டுமா?

இங்கு இயற்பியல் மாணவர்க்கு ஒரு பழைய நண்பர் எதிர்ப்படுகிறார்: அரை ஆயுட்காலம். பினோபார்பிட்டாலுக்கு அது ஏறத்தாழ 4 நாட்கள். ரேடான் 222க்கும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு நாள் கழிந்தாலும் உடலில் 100க்கு 84 பங்கு எஞ்சியிருக்கும். அதனால் நாளுக்கு ஒரு வேளை போதும். அல்பிரசோலாமுக்கோ சுமார் 11 மணி நேரம். மறுநாள் நாலில் ஒரு பங்குகூட எஞ்சாது. தூக்கத்திற்கென்று அதனை மாதக்கணக்கில் உண்டவர், மாத்திரை தீர்ந்ததென்று சும்மா இருந்துவிட்டால் ஆபத்து விரைந்து வருவது இதனால்தான்.

உறக்கமின்மையும் வலிப்பைத் தூண்டும். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்தில் திருவிழாவென்றால் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம் நடக்கும். இரவெல்லாம் விழித்து, அன்றைய மாத்திரையையும் மறந்தவருக்கு விடியலில் வலிப்பு வந்தால் ஊரார் பேய்க்குற்றம் என்பர். அதற்கு அஞ்சி, பக்கத்து வீட்டுத் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதும் தீர்வாகாது. பினோபார்பிட்டாலும் பிற உறக்க மருந்தும் சேர்ந்தால் மூச்சு தளரும். மதுவும் சேர்ந்தால் உயிருக்கே கேடு. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் தூக்கம் தரும். ஆனால் அவற்றுள் சில வலிப்பைத் தூண்டவும் கூடும். உறக்கம் வராவிட்டால் வலிப்புக்கு மருந்து தரும் மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

இப்பழைய மருந்து கிராமங்களில் பயன்படுமா என்ற ஐயத்தை நம் அண்டை மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். பெங்களூர் நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணியும் குழுவினரும் கருநாடகத்தின் யளந்தூர்ப் பகுதிக் கிராமத்தாருக்குப் பினோபார்பிட்டால் அல்லது பினிட்டாயின் கொடுத்து ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். விலை குறைந்த இம்மருந்துகளாலேயே பலரது வலிப்பு கட்டுப்பட்டது. 2001இல் 'லான்செட்' இதழ் இதனை வெளியிட்டது. பக்கவிளைவுகள் குறைந்த புதிய மருந்துகள் இன்று பல உண்டு. மருத்துவர் ஆராய்ந்து மாற்றித் தரலாம். அப்போதும் பழைய மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவதில்லை. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகவே குறைக்கிறார்கள்.