தரைவழித் தொலைபேசி மாற்றமும் அவசர அழைப்புக் கருவிகளும்

ஐக்கிய இராச்சியத்தில் வீடுகளையும் பள்ளிகளையும் பராமரிப்பு இல்லங்களையும் செப்புக் கம்பிகளால் இணைத்துவந்த பழைய தொலைபேசி வலையமைப்பு 2027 ஜனவரி 31-க்குள் முழுமையாக நிறுத்தப்படவுள்ளது. அதன்பின் தரைவழி அழைப்புகள் இணைய இணைப்பு வழியாகச் செல்லும். பெரும்பாலோருக்கு இம்மாற்றம் தொலைபேசியின் கம்பியை வேறோர் இடத்தில் செருகுவதோடு முடிந்துவிடும். ஆனால் கழுத்திலோ மணிக்கட்டிலோ அவசர அழைப்புப் பொத்தான் அணிந்திருப்பவர்களுக்கு இது அவ்வளவு எளிதன்று. நாட்டில் ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இத்தகைய தொலைப்பராமரிப்புச் சேவையைப் பயன்படுத்துகின்றனர்.

என்ன மாறுகிறது?

பழைய இணைப்பில், தொலைபேசி இயங்குவதற்கான மின்சாரமும் அதே கம்பி வழியாகத் தொலைபேசி இணைப்பகத்திலிருந்து வந்தது. ஆகவே வீடு இருளில் மூழ்கினாலும் சாதாரணத் தொலைபேசி வேலை செய்தது. புதிய இணைப்பில் அழைப்பு வீட்டிலுள்ள ரவுட்டர் வழியாகச் செல்கிறது. ரவுட்டருக்கு மின்சாரம் இல்லையெனில் அழைப்பும் இல்லை. 999 எண்ணுக்கும் இது பொருந்தும். அவசர அழைப்புப் பெட்டிக்குள் பல மணி நேரம் தாங்கும் பேட்டரி இருப்பதுண்டு. பெட்டி ரவுட்டரை நம்பியிருந்தால், ரவுட்டர் அணைந்தபின் அந்தப் பேட்டரியால் பயனில்லை. பலர் கவனிக்கத் தவறுவது இதையே.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. பழைய வகைப் பெட்டிகள், அழைப்பவர் யார் என்பதைச் சில ஒலிக்குறிகள் மூலம் கண்காணிப்பு மையத்திற்குத் தெரிவிக்கின்றன. இணையவழி இணைப்பு ஒலியைச் சிறு துண்டுகளாக்கி அனுப்புவதால் அக்குறிகள் சிதையக்கூடும். அப்போது பெட்டி எண்ணைச் சுழற்றுவது கேட்கும். பயனாளர் உதவி வருகிறது என்று எண்ணுவார். மையத்திலோ அழைப்பவர் யாரென்று தெரியாமல் போகலாம்.

மாற்றத்திற்குப் பின் கருவிகள் செயலிழந்து தீவிரமான நிகழ்வுகள் ஏற்பட்டதைத் தொடர்ந்து, 2023 டிசம்பரில் முக்கியத் தொலைபேசி நிறுவனங்கள் அரசுடன் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டன. பயனாளரிடம் புதிய இணைப்புக்கு ஏற்ற, இயங்கும் கருவி உள்ளது என்பது உறுதியாகாமல் அவரது இணைப்பை மாற்றுவதில்லை என்பது அதன் முக்கியக் கூறு.

நீங்கள் ஏன் தெரிவிக்க வேண்டும்?

உங்கள் வீட்டில் அவசரப் பொத்தான் உள்ளது என்பது தொலைபேசி நிறுவனத்திற்குத் தெரிந்திருக்கும் என்று கருத வேண்டாம். உங்கள் இணைப்பு எந்நாளில் மாறும் என்பது தொலைப்பராமரிப்புச் சேவைக்கும் தெரியாமல் இருக்கலாம். இரண்டையும் அறிந்தவர் பயனாளரோ அவரைப் பராமரிப்பவரோ மட்டுமே. தொலைபேசிக் கட்டணம் மகன் அல்லது மகள் பெயரிலும், பொத்தான் தாயார் பெயரிலும் உள்ள வீடுகளில் இத்தகவல் எளிதில் விடுபட்டுவிடும். ஆகவே இரு தரப்பினரையும் தனித்தனியே அழைத்துத் தெரிவியுங்கள். இதய முடுக்கியின் தரவை வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பும் பழைய கருவியோ, செவித்திறன் குறைந்தோர் பயன்படுத்தும் எழுத்துத் தொலைபேசியோ இருப்பின் அதையும் குறிப்பிடுங்கள்.

மின்தடையின்போது அவசர சேவைகளை அழைக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் உதவும் ஏற்பாட்டைத் தொலைபேசி நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் வழிகாட்டுதல். தரைவழித் தொலைபேசியையே நம்பி இருப்பவர்களுக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும். கைபேசி இல்லை என்பதையோ, வீட்டிற்குள் கைபேசி சமிக்ஞை கிடைப்பதில்லை என்பதையோ கூறி அதைக் கேட்டுப் பெறுங்கள். புயற்காலத்தில் ஒரு மணி நேரம் என்பது மிகக் குறைவு. மின்தடை நீண்டால் யாரை, எவ்வாறு தொடர்புகொள்வது என்பதை அண்டை வீட்டாருடன் முன்னரே பேசி வைப்பது நல்லது.

புதிய கருவி பெறும்போது அது சிம் அட்டையில் இயங்குகிறதா எனக் கேளுங்கள். அவ்வாறெனில் ரவுட்டர் அணைந்தாலும் அழைப்பு செல்லும். ஆனால் 2ஜி வலையமைப்பை மட்டும் பயன்படுத்தும் கருவியை ஏற்க வேண்டாம். அவ்வலையமைப்பும் 2033-க்குள் மூடப்படவுள்ளது.

பள்ளிகள், பராமரிப்பு இல்லங்கள்

பெரிய கட்டடங்களில் மின்தூக்கியின் அவசரத் தொலைபேசி, தீ எச்சரிக்கைப் பலகை, குளியலறையில் இழுக்கும் உதவிக் கயிறு ஆகியவை யாரும் நினைவில் வைத்திராத தனிக் கம்பிகளில் இணைந்திருக்கக்கூடும். அலுவலகத் தொலைபேசிகள் புதியனவாக மாறியதால் இவையும் மாறிவிட்டன என்று பொருளன்று. காக்காய் வலிப்பு அல்லது கடும் ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெற்றோர், மின்தடையின்போது எந்தத் தொலைபேசியிலிருந்து ஆம்புலன்ஸை அழைப்பார்கள் என்று பள்ளியிடம் கேட்கலாம்.

இணைப்பு மாறிய நாளன்று

பழைய சுவர் இணைப்புகள் செயலிழந்துவிடக்கூடும். மாடியறையில் உள்ள கூடுதல் தொலைபேசியும் இதில் அடங்கும். பொறியாளர் புறப்படுவதற்கு முன்பே பொத்தானை அழுத்தி, கண்காணிப்பு மையத்தினர் பயனாளரின் பெயரைக் கூறிப் பேசுகின்றனரா எனச் சோதியுங்கள். மணி ஒலிப்பது மட்டும் போதாது. அதன்பின் மாதம் ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். சோதனை தோல்வியுற்றால் வேறொரு தொலைபேசியிலிருந்து தொலைப்பராமரிப்புச் சேவையை உடனே அழையுங்கள். அது சரியாகும் வரை பயனாளரைத் தனியே விட வேண்டாம்.