நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் வேதி ஆக்சிசனேற்றம்

நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் வேதி ஆக்சிசனேற்றம் என்பது கழிவுநீரில் கலந்துள்ள நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளை ஓசோன், ஐதரசன் பெராக்சைடு போன்ற ஆக்சிசனேற்றிகளால் சிதைக்கும் நீர்த் தூய்விப்பு முறையாகும். வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவைச் சிதைப்பவை பாக்டீரியாக்களே. அவற்றை அழிக்கவென்றே ஆக்கப்பட்ட இம்மருந்துகள் பல அங்கு முழுமையாக நீங்குவதில்லை.

பட்டாஞ்செரு

ஐதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டாஞ்செருவில், ஏறத்தாழ 90 மருந்து உற்பத்தியாளர்களின் கழிவுநீரைப் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றைச் சுவீடன் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, முடிவுகளை 2007 இல் வெளியிட்டனர். சுத்திகரிப்புக்குப் பின் வெளியேறிய நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்தது. இம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் குருதியில் காணப்படுவதை விட இது மிகுதியாகும். இத்தகைய நீரில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன.

செயல்முறை

ஐதரசன் பெராக்சைடுடன் இரும்பு(II) உப்பு சேர்ப்பது ஃபென்டன் முறை எனப்படும். இவ்வினையை ஃபென்டன் 1894 இல் விவரித்தார். இதில் தோன்றும் ஐதராக்சில் தனி உறுப்புகள் மருந்து மூலக்கூறுகளைத் தாக்கி உடைக்கின்றன. நீரின் பி.எச். மதிப்பு 3 அளவில் இருத்தல் வேண்டும். பின்னர் காரம் சேர்த்து நடுநிலையாக்கும்போது இரும்புச் சேறு மிஞ்சும்.

மருந்து மறைந்துவிட்டதாக ஆய்வுக்கருவி காட்டினும் அதன் நச்சுத்தன்மை நீங்கியதென்று கொள்ளவியலாது. சிப்ரோஃபிளாக்சசினின் பைப்பரசின் வளையம் உடைந்தாலும் குயினோலோன் பகுதி எஞ்சினால், விளைபொருள்களுக்கும் பாக்டீரியாக்களை அழிக்கும் திறன் ஓரளவு இருக்கக்கூடும். புரோமைடு கலந்த நீரில் ஓசோனைச் செலுத்தினால், புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாகக் கருதப்படும் புரோமேட்டு உருவாகலாம்.