எயிற்பட்டினத்துக் கள்ளும் எக்கியார்குப்பத்து நஞ்சும்

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் எயிற்பட்டினத்தில், நுளையர் மகளிர் வடித்த பழங்கள்ளைப் பரதவர் பாணர்க்கு விருந்தாக ஊட்டுவர். அவ்வூர் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர். உப்பளங்கள் சூழ்ந்த அதே கரையில், எக்கியார்குப்பத்து மக்கள் சிலர் 2023 மே 13 அன்று குடித்ததோ கள்ளன்று. மெத்தனால் கலந்த நஞ்சு. பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது, 'குடித்துச் செத்தவனுக்கா பணம்?' என்ற கேள்வி எங்கும் எழுந்தது. குடித்தவன் குற்றவாளியா, நோயாளியா என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.

இதன் வேரை நாம் 1937இல் காணலாம். 1930இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்துச் சிறைசென்ற இராஜாஜி, சென்னை மாகாண முதல்வராகி, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதற்கென இயற்றிய சட்டம் காய்ச்சுவோனையும் விற்போனையும் குடிப்போனையும் ஒரே பிரிவில் நிறுத்தியது. 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தது, பின்னர் மீண்டும் வந்தது, மறுபடியும் போனது. 2003 முதல் அரசின் டாஸ்மாக்கே சில்லறையிலும் மது விற்கிறது. ஆயினும் அப்பழைய சட்டமே இன்றும் நடப்பில் உள்ளது. கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட 2024இல், கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் அதைக் காய்ச்சி விற்றவர்க்கு ஆயுள் சிறை வரை விதிக்குமாறு அது திருத்தப்பட்டது. அது முறையே. நஞ்சை விற்பவன் தண்டனைக்கு உரியவன்.

குடிப்பவன் நிலை வேறு. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்நரம்பை அழிக்கும். உடன் மருத்துவமனை சேர்ந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் காக்கக்கூடும். அந்நேரத்தில் காவலர்க்கு அஞ்சி ஒருவன் வீட்டிலேயே கிடப்பானாயின், அவ்வச்சமே அவனைக் கொல்லும். அன்றாடக் குடிநோயிலும் இவ்வாறே. நாணமும் அச்சமும் நோயை மறைக்கும், முற்றவைக்கும்.

வேறு வழி நமக்குப் புதிதன்று. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் சிகிச்சை நிறுவனமொன்றைத் தொடங்கினார். கடுமைக்குப் பெயர்பெற்ற 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்கூட, சிறிய அளவு வைத்திருந்து சிக்கிய அடிமை தானே சிகிச்சை நாடினால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. கஞ்சாவுக்கு அடிமையானவனுக்குத் திறந்த அக்கதவைச் சாராயம் குடித்த உப்பளக் கூலிக்கும் மீனவனுக்கும் அடைத்து வைப்பது என்ன நியாயம்? விற்பவனுக்குச் சிறை, குடிப்பவனுக்கு மருந்து என்று 1937ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரித்தெழுத வேண்டும் என்பதே நம் கருத்து.