துணை மருத்துவரும் தோழமைச் சங்கமும்

ஒரு நாட்டின் மருத்துவ வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பேர்பெற்ற வைத்தியர்களைப் பற்றியே எழுதுகின்றனர். அவர்களின் பக்கத்தில் நின்று மருந்து கலந்தவர், புண்ணைக் கழுவிக் கட்டியவர், இரவெல்லாம் விழித்திருந்து பிள்ளைப்பேறு பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் ஏடேறுவது அரிது. இன்று நாம் துணை மருத்துவத் தொழில்கள் என்று வழங்குவனவற்றின் வரலாறு இவர்களுடைய வரலாறேயாம். தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத்தார், எக்ஸ்றேப் படம் பிடிப்போர், இயன்மருத்துவர் முதலிய பலர் இவ்வகையினர். இவ்வரலாற்றின் சிறந்ததோர் அத்தியாயம் யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்தது. அதை நேயர்களுக்கு நினைவூட்டி, அதிலிருந்து இத்தொழில்களை நாடும் இளைஞர் அறிய வேண்டியதொன்றை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அவர்கள் முதன்முதல் நிலைகொண்ட இடங்களுள் தெல்லிப்பழையும் ஒன்று. டானியல் பூர் என்பவர் இங்கேதான் தம் பணியைத் தொடங்கினார். அவர்கள் கொண்டுவந்த மதத்தை ஏற்றவரும் உளர். எதிர்த்து வாதிட்டவரும் உளர். ஆனால் நோயுற்ற வேளையில் அவர்களுடைய மருந்தை வேண்டாமென்றவர் சிலரே. வாந்திபேதியும் அம்மையும் ஊர்களை வாட்டிய காலம் அது. 1820இல் டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியை ஆரம்பித்தார். அவர் 1836இல் சென்னைக்குச் சென்றபின் டாக்டர் வார்ட் வட்டுக்கோட்டையில் இருந்து பணிபுரிந்தார். எனினும், ஒரு வைத்தியர் எத்துணை உழைத்தாலும் ஒரு குடாநாட்டின் நோயெல்லாம் அவர் ஒருவராலே தீருமோ?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த அவர், 1847இல், தமது 25ஆம் வயதிலே யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டிலேயே மானிப்பாயில் ஒரு சிறு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். மாணவர் அவருடன் நோயாளரைப் பார்த்தனர். அவர் முன்னிலையில் மருந்து கலந்தனர். சத்திர சிகிச்சையின்போது துணைநின்றனர். பாடமோ ஆங்கிலத்தில் நடந்தது. நூல்கள் யாவும் அம்மொழியில் இருந்தமையால் அது இயல்பே.

சில ஆண்டுகளில் ஓர் உண்மை அவருக்குப் புலனாயிற்று. ஆங்கிலத்தில் கற்றுத் தேறியவர்கள் உத்தியோகத்தையும் உயர்ந்த வேதனத்தையும் நாடி வெளியூர் சென்றனர். யாருக்காக அவர்கள் பயிற்றப்பட்டனரோ அந்தக் கிராமத்து மக்கள் முன்போலவே மருந்தின்றி இருந்தனர். இடையில் தாயகம் சென்று 1862இல் மீண்ட கிறீன், இனித் தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பதென்று துணிந்தார். தமிழில் கற்றவன் தமிழர் நடுவிலே தங்குவான் என்பது அவருடைய நம்பிக்கை. ஊரார் நலத்தையும் மாணவனின் முன்னேற்றத்தையும் ஒருங்கே பேணுவது எப்படி என்ற அந்தச் சிக்கல் இன்றும் தீர்ந்தபாடில்லை என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

தமிழில் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தம் மாணவரின் துணையுடன் கிறீன் அவற்றை ஆக்கினார். 'அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல்', 'பிரசவ வைத்தியம்', 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்று நூல்கள் தொடர்ந்தன. 60க்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே மருத்துவங் கற்றவர். மேலைநாட்டு மருத்துவத்தை நம் நாட்டு மொழியொன்றில் இவ்வாறு ஒழுங்காகக் கற்பித்த முயற்சிகளுள் இது மிக முந்தியவற்றுள் ஒன்று.

1873இல் கிறீன் உடல்நலங் குன்றி அமெரிக்காவுக்குத் திரும்பினார். ஆனாலும் அவர் பணி முடிந்துவிடவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களை எழுதித் திருத்திவந்தார். 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. 'இந்து பதார்த்த சாரம்' வெளிவந்த 1884ஆம் ஆண்டிலே அவர் காலமானார். கடலுக்கு அப்பால் இருந்த ஆசிரியரையும் இங்கே மருந்துப் பெட்டியோடு ஊரூராகச் சென்ற மாணவரையும் இணைத்த பாலம் அந்நூல்களே.

ஆயினும் அந்தத் தமிழ் மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. 1870இல் கொழும்பில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அங்கே போதனா மொழி ஆங்கிலம். அரசாங்க உத்தியோகத்துக்கும் அதுவே வாயிலாயிற்று. இவை வெளிக்காரணங்கள். உட்காரணம் ஒன்றும் உண்டென்பது என் கருத்து. கிறீனின் மாணவர்களை ஒன்றுசேர்த்து வைத்திருந்தது பெரிதும் ஓர் ஆசிரியரின் அன்பும் உழைப்புமே. மனிதர் மறைவர்; அவர் மூட்டிய விளக்குக்குத் தொடர்ந்து எண்ணெய் வார்ப்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும்.

அத்தகைய அமைப்புகள் பிறநாடுகளில் எவ்வாறு தோன்றின என்பதைச் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தில் மருந்தாளர் 1841இலேயே ஒரு கழகம் கண்டனர். 1894இல் லண்டனில் உடல்பிடித்துச் சிகிச்சை செய்த பெண்களுக்கு ஒரு பெருஞ் சோதனை நேர்ந்தது. அத்தொழிலின் பெயரால் ஒழுக்கக்கேடான நிலையங்கள் சில நடைபெறுவதாக மருத்துவ இதழொன்று எழுத, நேர்மையாக உழைத்தவர் மீதும் பழி விழுந்தது. அப்போது றோசலின்ட் பஜெற் உட்பட நான்கு பெண்கள் கூடி ஒரு சங்கத்தை நிறுவினர். பயிற்சிக்கு ஓர் அளவு, தேர்வுக்கு ஓர் ஒழுங்கு, நடத்தைக்கு ஒரு விதி எனத் தாமே வகுத்துக்கொண்டனர். இன்று பிரித்தானியாவில் இயன்மருத்துவர்களின் பெருஞ்சங்கமாக விளங்குவது அன்று நால்வர் இட்ட வித்தேயாகும்.

1895இல் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அவற்றின் தீங்கை அறியாமல் கையாண்ட முன்னோடிகள் பலர் விரல்களை இழந்தனர். உயிரையும் இழந்தவர் உண்டு. இங்கிலாந்தில் கதிர்ப்படம் பிடிப்போரின் சங்கம் 1920இல் எழுந்தது; பாதுகாப்பு விதிகளை வகுப்பதற்கான குழுவொன்றும் அடுத்த ஆண்டில் அமைந்தது. ஒருவன் பட்டறிந்த துன்பம் மற்றொருவனுக்கு எச்சரிக்கையாக வேண்டுமாயின், அதைக் கேட்பதற்கும் எழுதி வைப்பதற்கும் ஒரு சபை வேண்டும். தாதியரின் சர்வதேச அமைப்பு 1899இலும், இயன்மருத்துவரின் உலக அமைப்பு 1951இலும் தோன்றின.

நம் நாட்டிலும் இவ்வரலாறு மெல்ல வளர்ந்தது. ஆண் வைத்தியரிடம் செல்லக் கூசிய பெண்களுக்கென்று 1898இல் இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. லீச் சகோதரியர் அதற்குப் பொருள் திரட்டினர். டாக்டர் இசபெல்லா கர் அங்கே நெடுங்காலம் பணிபுரிந்தார். நம் பெண்கள் தாதியராய்ப் பயின்று வெளிவந்த நிலையங்களுள் அதுவும் ஒன்று. 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் வைத்தியரோடு மருத்துவிச்சியர், மருந்தாளர், அப்போதிக்கரிமார், தாதியர் ஆகியோரையும் பதிவுக்கு உட்படுத்தியது. பதிவு என்பது வெறும் எழுத்தன்று. இவர் கற்றவர், இவரை நம்பலாம் என்று நோயாளிக்கு அரசு கூறும் உறுதி அது.

இனித் தெல்லிப்பழைக்கு மீள்வோம். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது இவ்வூரின் வீடும் பள்ளியும் கோயிலும் பட்டபாட்டை நேயர்கள் அறிவர். மீள்குடியேறிய காலத்தில், 2011இல், தென்முனையாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை பலர் கால்நடையாய் வந்து நிதி சேர்த்தனர். அந்நிதியைக் கொண்டு இங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. ஆதார வைத்தியசாலையும் மீண்டும் இயங்குகிறது. புற்றுநோயாளி ஒருவருக்குக் கதிர்ச் சிகிச்சை அளிப்பதென்றால், வைத்தியர் கட்டளையிட்டால் மட்டும் போதாது. அளவைக் கணிப்பவர், கருவியை இயக்குபவர், இரத்தத்தைச் சோதிப்பவர், மருந்தை அளந்து கொடுப்பவர், பக்கத்திலிருந்து தேற்றுபவர் என ஊர் கூடி இழுக்கும் தேராகவே அச்சிகிச்சை நடைபெறுகிறது. வடம் பிடித்தவர்களுள் ஒருவர் கைவிட்டாலும் தேர் சாய்ந்துவிடும்.

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளில், வைத்தியராக இயலவில்லையே என்று முகம் வாடி நிற்கும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். தாதியியல், மருந்தாண்மை, ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே பட்டக்கல்வி உண்டு. இவை தோற்றவர் ஒதுங்கும் திண்ணைகளல்ல. தமக்கென அறிவும் பொறுப்பும் உடைய துறைகள். இத்துறையில் புகும் இளைஞன் தன் தொழிலுக்குரிய சங்கத்திலே சேர்வது முதற்கடமைகளுள் ஒன்று. தொலைவான சிறு வைத்தியசாலையில் தனித்து நிற்பவனுக்குப் புதிய முறைகளை அறிவிப்பவர் யார்? ஐயம் எழுந்தால் கேட்பதற்கு மூத்தவர் யார்? தவறான கட்டளைக்கு இணங்க மறுக்கும்போது அவன் பக்கம் நிற்பவர் யார்? இம்மூன்றுக்கும் விடை சங்கமே. தனிமரம் தோப்பாகாது.

ஆனால் சங்கத்தின் கடமையும் பெரிது. வேதனத்துக்காகவும் பதவிக்காகவும் மட்டுமே கூடும் கூட்டம், நோயாளியை மறந்த அன்றே தன் பெருமையை இழக்கிறது. நியாயமான கோரிக்கையை எழுப்புவது உரிமையே; அதனோடு, உறுப்பினரின் கல்வியை வளர்ப்பதும், குற்றஞ் செய்தவரைத் தாமே திருத்துவதும், கிராமத்தை விட்டு அறிவு அகலாமற் காப்பதும் சங்கத்தின் வேலையாதல் வேண்டும். மானிப்பாயில் கிறீன் தம் காலம் முழுதும் உழைத்துத் தீர்க்க முயன்ற சிக்கல் இதுவே. அதை ஓர் ஆசிரியர் தனித்துத் தீர்க்க முடியவில்லை. ஒன்றுகூடிய தொழிலாளர் தீர்த்தல் கூடும். அவர்கள் தீர்ப்பார்களாயின், ஏடேறாத அந்த முன்னோர்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனும் அதுவேயாகும்.